ஆண்டு அச்சிடாத எதிர்காலம்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறிவியல் புனைகதை, மாயக்கதை ஆகியவற்றின் தொகுப்புகளையும், அவை மறுபடி அச்சாகும் விதத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதைப் பேசுவதற்கு இந்த மலையைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. மலையின் மறுபக்கத்தில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. தென்வானம் நன்றாகத் தெரியும், நகரத்து வெளிச்சம் எட்டாது என்ற காரணங்களால் 1960களில் வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு தொடங்கிய வேலை அது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான தடயத்தைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பாப்பு 1982இல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரிலேயே நாட்டுக்கு வழங்கப்பட்டது.

நான் சொல்ல வந்தது 1988இல் நடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். இன்று அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர். சென்னை வான் ஆய்வகத்தில் இருந்த போக்சன் 1861இல் 'ஏசியா' என்ற சிறுகோளையும் பிறகு வேறு சிலவற்றையும் கண்டார். அவருடைய கடைசிக் கண்டுபிடிப்புக்குப் பின் நூறாண்டுக்கு மேல் இந்திய மண்ணிலிருந்து யாரும் புதிய சிறுகோளைக் காணவில்லை. அந்த இடைவெளியை முடித்துவைத்தது இந்த மலை. அந்தத் தேடல் திட்டத்துக்குக் 'கல்கி' என்று பெயரிட்டிருந்தார்கள். இனி வரப்போகும் அவதாரத்தின் பெயர்!

சிறுகோளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் படமெடுத்து ஒப்பிடுகிறார்கள். விண்மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். சிறுகோள் மட்டும் நகர்ந்திருக்கும். படத்தில் புள்ளி விழுந்தால் மட்டும் போதாது. எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும். அந்தக் காலத்து ஒளிப்படத் தகட்டில் அந்தக் குறிப்பு அழிந்துபோனால் மிஞ்சுவது கண்ணாடித் துண்டு.

அறிவியல் புனைகதைக்கும் நாள் குறிப்பு அத்தனை அவசியம். எழுதப்பட்ட ஆண்டு கதையின் ஓர் உறுப்பு. அதை எடுத்துவிட்டால் கதையின் பாதி உயிர் போய்விடும். தமிழில் நாம் மறுபடி மறுபடி செய்துவருவது இதைத்தான். இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஓர் எடுத்துக்காட்டு. பெண்கள் ஆளும் ஒரு நாடு. அங்கே ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள். அதே வெப்பத்தைப் பெண்கள் ஆயுதமாக்கிப் பகைவரின் படையை விரட்டுகிறார்கள். வானத்தில் ஊர்திகள் பறக்கின்றன. மேகத்திலிருந்து நேரடியாகத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஆண்டைச் சொல்லாமல் இந்தக் கதையைக் கொடுத்தால், நம் பிள்ளைகள் பொழுதுபோக்காகப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். இந்தக் கதை வெளிவந்தது 1905இல். ரைட் சகோதரர்களின் விமானம் தரையை விட்டு எழும்பி இரண்டு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. எழுதியவர் பள்ளிக்கூடம் போய்ப் படிக்க அனுமதிக்கப்படாத ஒரு வங்கத்துப் பெண், ரொக்கையா சகாவத் உசேன். கதை 'சுல்தானாவின் கனவு'. இந்த மூன்று தகவலும் தெரிந்த பிறகு படித்தால் அதே வரிகள் உடம்பைச் சிலிர்க்க வைக்கும்.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் இதில் உண்டு. அந்தக் கதை முதலில் அச்சானது கல்கத்தாவில் அல்ல, சென்னையில். கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். தெற்காசிய அறிவியல் புனைகதைகளில் மிக முன்னோடியான ஒன்று நம் தலைநகரத்தில் அச்சுக்கோத்து வெளிவந்தது. சரியாக நூறாண்டு கழித்து, 2005இல், சென்னையின் தாரா புக்ஸ் அதை மறுபடி வெளியிட்டது. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர் துர்கா பாய் அதற்குப் படம் வரைந்தார். 2016இல் ஆன், ஜெஃப் வாண்டர்மீர் இணையர் தொகுத்த உலக அறிவியல் புனைகதைப் பெருந்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. ஒரு கதையை யாராவது எடுத்து வைத்தார்கள், ஆண்டோடும் பெயரோடும் எடுத்து வைத்தார்கள். அதனால் அது நூற்றிருபது ஆண்டு தாண்டி நம் கைக்கு வந்திருக்கிறது. பழங்குடிக் கலைஞர் ஒருவரின் கை பட்டு மறுபிறப்பு எடுத்திருக்கிறது என்பதை இந்த மலையில் நின்று சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அமெரிக்காவில் அறிவியல் புனைகதைகள் வளர்ந்த இடம் மலிவுத்தாள் இதழ்கள். அந்தத் தாள் சில பத்தாண்டுகளில் பழுப்பேறி நொறுங்கும். கதைகளைக் காப்பாற்றியவை தொகுப்புகள்தாம். 1943இல் டொனால்ட் வோல்ஹைம் சட்டைப்பையில் அடங்கும் அளவில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். 1946இல் ஹீலி, மெக்கோமஸ் இருவரும் ஏறத்தாழ ஆயிரம் பக்கத்தில் கெட்டி அட்டைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். நூலகங்கள் அதை வாங்கின. வாசித்துவிட்டுத் தூக்கிப்போடும் சரக்கு என்று கருதப்பட்ட ஒன்று அலமாரியில் நிமிர்ந்து நின்றது. 1970இல் ராபர்ட் சில்வர்பெர்க் தொகுத்த நூலுக்கு, எந்தக் கதைகள் நிலைக்கத் தகுந்தவை என்று எழுத்தாளர்களே வாக்களித்தார்கள்.

இவற்றுள் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஐசக் அசிமோவ் 1974இல் வெளியிட்ட 'பொற்காலத்துக்கு முன்' என்ற தொகுப்பு. அவருடைய அப்பா நியூயார்க்கில் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். கடையில் இதழ்களும் விற்பனைக்கு இருந்தன. பையனாக அவற்றில் படித்து மனத்தில் தங்கிப்போன 1930களின் கதைகளை, பிறகு பெரிய எழுத்தாளரான பின் தேடியெடுத்து, ஆண்டு வரிசையில் அடுக்கினார். ஒவ்வோர் ஆண்டிலும் தமக்கு என்ன வயது, எந்தப் பள்ளி, வீட்டில் என்ன நிலைமை என்பதைக் கதைகளுக்கு இடையே எழுதினார். அந்தக் கதைகளின் அறிவியல் எங்கெங்கே பிழைபட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார். ஒரு சமூகம் எந்த ஆண்டில் எதைக் கண்டு பயந்தது, எதற்கு ஆசைப்பட்டது என்பது அந்த வரிசையைப் படித்தால் தெரியும். தொகுப்பாசிரியர் என்பவர் கத்தரித்து ஒட்டுகிறவர் அல்லர் என்று அந்த நூலைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

தமிழில் அறிவியல் புனைகதை வளர்ந்தது வார, மாத இதழ்களில். பெ. நா. அப்புஸ்வாமி போன்றவர்கள் அறிவியல் கட்டுரைக்கு ஒரு தமிழ்நடையை உருவாக்கி வைத்திருந்தார்கள். அந்த நிலத்தில் கதையை விதைத்துப் பெரும் விளைச்சல் எடுத்தவர் சுஜாதா. 'சொர்க்கத் தீவு', 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ', ஏராளமான விஞ்ஞானச் சிறுகதைகள். ஜீனோ என்ற இயந்திர நாயைத் தெரியாத நடுவயதுத் தமிழ் வாசகர் இருக்க முடியாது. அது வரும் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தது 1980களில். கதை நடப்பது 2020களில். அந்த ஆண்டுகளுக்குள் இப்போது நாமே வாழ்ந்துகொண்டிருக்கிறோம். இன்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவி அதை எடுத்தால் முதலில் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது, வீட்டுக்கு ஒரு தொலைபேசி கூட இல்லாத காலத்தில் எழுதப்பட்ட கதை இது என்பதை. அது தெரியாவிட்டால், 'இது நடக்கவில்லையே' என்று புத்தகத்தைத் தள்ளிவிடுவாள், அல்லது 'இதில் என்ன புதுமை' என்பாள். தெரிந்தால், அவர் எதைச் சரியாகக் கண்டார், எது அவர் கண்ணுக்கும் தப்பியது என்று தேடத் தொடங்குவாள். பேசும், வாதிடும், புத்தகம் படிக்கும் இயந்திரத்தோடு இன்று அவளே தினமும் பழகுகிறாள் அல்லவா?

ஆனால் கடையில் கிடைக்கும் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்புகள் பலவற்றைப் பிரித்துப் பாருங்கள். முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று நூலின் ஆண்டுகள் இருக்கும். ஒவ்வொரு கதையும் எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது என்ற குறிப்பு இருக்காது. முப்பது ஆண்டு இடைவெளியில் எழுதிய கதைகள் ஒரே நாளில் எழுதியவை போல அடுத்தடுத்து நிற்கும். குடும்பக் கதையாக இருந்தால் வாசகர் எப்படியோ சமாளித்துக்கொள்வார். கையளவு கணிப்பொறி வரும் என்று 1970இல் எழுதியதற்கும் 2000இல் எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் எதைக் கொண்டு கண்டுபிடிப்பார்? முன்னவர் தீர்க்கதரிசி. பின்னவர் அன்றாடச் செய்தி எழுதியவர். ஆண்டை நீக்கிய தொகுப்பில் இருவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

படங்களும் அப்படியே போய்விட்டன. சுஜாதா கதை என்றால் ஓவியர் ஜெயராஜின் கோடுகளும் சேர்ந்தே நினைவுக்கு வரும் தலைமுறை ஒன்று உண்டு. எதிர்காலத்து உடை எப்படி இருக்கும், விண்கலத்தின் கதவு எப்படித் திறக்கும் என்பதை வாசகரின் மனத்தில் பாதி எழுத்தாளர் வரைந்தார், மீதி ஓவியர் வரைந்தார். நூலாக்கும்போது படங்களை விட்டுவிடுவது நம் பதிப்புலகின் பொது வழக்கம். செலவு ஒரு காரணம். ஓவியத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற குழப்பம் இன்னொரு காரணம். காரணங்கள் நியாயமானவைதாம். இழப்பும் உண்மையானது.

இந்த இழப்பை ஓரளவு தடுத்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைத்தார்கள். படமும் இருக்கும், பின்பக்கத்துச் சோப்பு விளம்பரமும் இருக்கும், ஒரு வாரத்து அரிசி விலையும் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பைண்டுகள்தாம் பல தமிழ்க் கதைகளின் உண்மையான முதல் பதிப்பு என்பேன். அவற்றிலும் ஒரு குறை. பைண்டு செய்பவர் ஓரத்தை வெட்டிச் சீராக்கும்போது பக்கத்தின் தலைப்பில் இருக்கும் தேதியும் சேர்ந்து போய்விடும். அட்டையை முதலிலேயே கழற்றியிருப்பார்கள். கதை முழுதாக இருக்கும், காலம் மட்டும் இருக்காது.

தொடர்கதைக் காலத்துக்குப் பிந்திய முயற்சிகளில் நல்ல செய்திகளும் உண்டு. ஜெயமோகனின் 'விசும்பு' அறிவியல் புனைகதைகளை மட்டுமே கொண்ட தொகுப்பு. சித்த மருத்துவம், ரசவாதம் போன்ற நம் மரபின் அறிவுத்துறைகளைக் கதையின் அறிவியலாக வைத்தது அதன் தனித்தன்மை. மூலிகையைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டும் பெரியவர்கள் இருக்கும் இந்த மலையில் அந்தக் கதைகளை வாசித்துப் பாருங்கள், வேறு விதமாக ஒலிக்கும். மரத்தடி இணையக் குழுவும் திண்ணை இணைய இதழும் சேர்ந்து சுஜாதாவை நடுவராக வைத்து நடத்திய அறிவியல் புனைகதைப் போட்டியின் கதைகள் 'எதிர்காலம் என்று ஒன்று' என்ற தொகுப்பாக எனி இந்தியன் பதிப்பகத்திலிருந்து வந்தன. 2019 முதல் 'அரூ' இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியது. அதில் எழுதியவர்களில் பலர் புதியவர்கள். தமிழ்மகன் நாவலாகவும் சிறுகதையாகவும் இத்துறையில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு கேள்வி. தொடக்கம் முதல் இன்று வரை தமிழில் எழுதப்பட்ட அறிவியல் புனைகதைகளில் தேர்ந்தவற்றை, பல எழுத்தாளர்களிடமிருந்து எடுத்து, ஆண்டு வரிசையில், குறிப்புகளோடு தந்த ஒரு பெருந்தொகுப்பைப் பள்ளி நூலகத்தில் வைக்கக் கேட்டால் நான் எதைச் சொல்வேன்? சொல்ல என்னிடம் நூல் இல்லை. வங்காளத்தில் 1896இல் ஜகதீச சந்திர போஸ் எழுதிய புயல் கதையிலிருந்து வரிசையாகச் சொல்கிறார்கள். தேசியப் புத்தக நிறுவனம் 1993இல் பால் போண்ட்கே தொகுப்பில் இந்திய மொழிகளின் அறிவியல் கதைகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. 2019இல் தருண் செயிண்ட் தெற்காசியத் தொகுப்பு கொண்டுவந்தார். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் பிரீதம் சக்கரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளின் தொகுப்பை வெளியிட்டது. அடுத்த தொகுதிகளும் வந்தன. அதே பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைகதைகளுக்கென்றே ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. நம் மாத நாவல் எழுத்தாளர்களைத் தேர்ந்து, ஒரே நூலில் அறிமுகத்தோடு படிக்க வேண்டுமானால் ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதைச் செய்தவர்களுக்கு என் நன்றி. தமிழில் அதைச் செய்யாதது நம் கடமைத் தவறு.

மறுபதிப்புக்கு வாசகர் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். சிவகாசியைப் பாருங்கள். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. ஆய்வகத்து விபத்தில் கையை இழந்த லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துபோவான். இரும்புக்கை மட்டும் தெரியும். ஆங்கிலேயச் சிறுவர் இதழில் 1962இல் தோன்றிய அந்த நாயகனைப் பிறந்த நாடே ஏறக்குறைய மறந்துவிட்டது. தமிழ்நாட்டில் அவன் இன்னும் உயிரோடிருக்கிறான். சட்டித்தலையன் ஆர்ச்சி என்ற இயந்திர மனிதனும் அப்படித்தான். லயன், முத்து காமிக்ஸ் 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்புக்கென்றே ஒரு வரிசை நடத்தியது. அப்பா படித்த கதையைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் வாசகர்கள் இவர்கள். எந்த வெளியீடு, என்ன எண், எந்த ஆண்டு, அட்டை எது என்று இவர்களுக்கு மனப்பாடம். தமிழ் இலக்கியப் பதிப்பாளர்கள் இந்த வாசகர்களிடம் உட்கார்ந்து பாடம் கேட்கலாம்.

செம்மையான மறுபதிப்பு தமிழில் முடியாத காரியமும் அல்ல. புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நவீன மாயக்கதைக்கு அவரே தலைமகன். கடவுள் சென்னைத் தெருவில் இறங்கிக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்கும் கதையை 1943இல் எழுதினார். கடலில் மூழ்கிய 'கபாடபுரம்' அவரிடம் ஒரு திகில்கனவாகிறது. 1948இல் அவர் மறைந்த பிறகு அவர் கதைகள் பலவிதமாக அச்சாயின. 2000இல் ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'புதுமைப்பித்தன் கதைகள்' காலச்சுவடு வெளியீடாக வந்தது. காலவரிசை, முதலில் வெளிவந்த இதழ், பாடவேறுபாடு என எல்லாவற்றையும் தேடித் தந்த பதிப்பு அது. அதற்குப் பிறகு புதுமைப்பித்தனைப் பற்றிப் பேசுபவர்கள் பேசும் விதமே மாறியது. எந்தக் கதை முதலில், எது பின்னால், இடையில் அவருக்கு என்ன நடந்தது என்று பேச முடிந்தது. சங்க இலக்கியத்துக்கு உ.வே.சா. எடுத்த உழைப்பு மாயக்கதைக்கும் தகும் என்பதற்கு அந்தப் பதிப்பே சான்று.

பாடவேறுபாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818இல் வந்தது. 1831இல் அவரே அதைத் திருத்தி வெளியிட்டார். நெடுங்காலம் உலகம் படித்தது திருத்திய வடிவத்தை. பிற்கால ஆய்வாளர்கள் 1818 வடிவத்தை மறுபடி அச்சேற்றியபோது, கதையின் நாயகன் விக்டரின் குற்றம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. விதியின் மேல் பழிபோட இடம் குறைந்தது. அறிவியல் கதையில் ஒரு சொல்லைத் திருத்தினாலும் விளைவு பெரிது. பழைய கதையில் 'டிரங்க்கால்' என்றிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். புதுப்பிக்கிறேன் என்று அதைக் கைப்பேசி ஆக்குபவர் எழுத்தாளரின் காலத்தைத் திருடுகிறார்.

பெருந்தொகுப்பு வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. சுஜாதா 2008இல் காலமானார். அவர் கதைகளின் உரிமை 2068 முடியும்வரை நீடிக்கும். முப்பது கதை கொண்ட தொகுப்புக்கு முப்பது இடத்தில் அனுமதி கேட்க வேண்டும். புகழ்பெற்றவர்களின் வாரிசுகளைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டே இரண்டு நல்ல அறிவியல் கதை எழுதிவிட்டு வேலை, குடும்பம் என்று போய்விட்ட ஒருவரின் வாரிசை எங்கே தேடுவது? தொகுப்பாசிரியரின் உழைப்பில் பாதி இந்தத் தேடலில் கரையும். ஆகவே இது தனி ஒருவரின் ஆர்வத்துக்கு விட்டுவிடும் வேலை அல்ல. புதுமைப்பித்தனின் எழுத்துகளை 2002இல் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. பலருடைய நூல்கள் அப்படிப் பொதுவாகியிருக்கின்றன. அந்த வரிசையில் அறிவியல் கதை எழுதியவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

மாயக்கதையைப் பற்றியும் பேசாமல் போனால் இந்த மலைக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன்.

கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்றவர்கள் வெளியிட்ட பெரிய எழுத்துப் புத்தகங்களை உங்கள் தாத்தா பாட்டிகள் பார்த்திருப்பார்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை. திருவிழாக் கடையில் விற்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் உரக்கப் படிக்க ஊரே கேட்கும். அதற்காகவே எழுத்து பெரிது. தமிழர்களின் பெருந்தொகுப்புகள் அவை. முப்பத்திரண்டு பதுமைகள் கதை சொல்லும் நூல் தொகுப்பு அல்லாமல் வேறென்ன? தலைமுறை தலைமுறையாக மறுபடி மறுபடி அச்சானவை. அவற்றிலும் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. அதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வேதாளம் முருங்கை மரம் ஏறிய ஆண்டு யாருக்கும் தேவையில்லை. 1947 ஜூலையில் தொடங்கிய 'அம்புலிமாமா' அந்த வேதாளத்தை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதை சொன்னது; சங்கர் வரைந்த, தோளில் பிணமும் கையில் வாளுமாக நடக்கும் அந்த அரசனின் படம் இந்தியா முழுவதும் குழந்தைகள் மனத்தில் பதிந்தது.

ஆனால் வாய்மொழியாக வாழும் மாயக்கதைக்கு வேறொரு குறிப்பு கட்டாயம் தேவை. சொன்னவர் யார், எந்த ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னது. இந்த மலையின் கீழ்சேப்பிளியில் இருக்கும் கற்திட்டைகளைக் குள்ளர் வீடு என்கிறார்கள். தொல்லியலாளருக்கு அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள். ஊராருக்கு அவை உயரம் குறைந்த மனிதர்கள் வாழ்ந்த வீடுகள். அந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் கதை தொடங்கும். காஞ்சியிலிருந்து அண்ணன் தம்பிகள் மலையேறி வந்த கதை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம் பல வடிவங்களில் இருக்கிறது. பீமன் அருவிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்கும் சொல்ல ஆள் இருப்பார். வெளியூர்க்காரர் வந்து இவற்றைக் கேட்டு எழுதி, 'ஜவ்வாது மலைக் கதைகள்' என்று தம் பெயரை அட்டையில் போட்டு வெளியிடுவது தொகுப்பு ஆகாது. சொன்ன பாட்டியின் பெயர் கதையின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இருக்க வேண்டும். விற்பனையில் அவருக்குப் பங்கு இருக்க வேண்டும். படம் இந்த ஊர்ப் பிள்ளைகள் வரைந்ததாக இருக்க வேண்டும். கோண்டு ஓவியர் ஒருவர் ரொக்கையாவின் கதைக்கு வரைய முடியும் என்றால், இங்கே முடியாதா?

இந்த மலையின் அடிவாரத்தில், சிங்காரப்பேட்டைக்கு அருகே புளியானூரில் இயங்கும் குக்கூ காட்டுப்பள்ளியோடு சேர்ந்து வளர்ந்தவை 'தும்பி' சிறார் இதழும் தன்னறம் நூல்வெளியும். சென்னையில் இருந்தால்தான் நல்ல புத்தகம் செய்ய முடியும் என்ற எண்ணத்தை அவர்கள் பொய்யாக்கியிருக்கிறார்கள். தாள், அச்சு, கட்டுமானம், ஓவியம் எல்லாவற்றிலும் அக்கறை காட்டும் பதிப்பு மலையடிவாரத்திலிருந்து வர முடியும். மலை மேலிருந்தும் வரலாம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் வீட்டிலோ, கீழே ஆலங்காயத்திலோ போளூரிலோ உள்ள உறவினர் வீட்டிலோ பைண்டு செய்த தொடர்கதைகள், பழைய இதழ்கள், காமிக்ஸ் இருக்கும். பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குள் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கதைக்கும் தலைப்பு, எழுதியவர், ஓவியர், இதழ், தேதி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி வெட்டப்பட்டிருந்தால் பின்பக்கத்து விளம்பரத்தையும் திரைப்படச் செய்தியையும் வைத்து ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அதைப் பள்ளியில் ஒரு செயல்திட்டமாகவே செய்யலாம். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த இதழ்களும் நூல்களும்தாம் அந்த நூலகத்துக்கு அடித்தளம். அவர்களிடம் கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலையும் பதிவுகளையும் வைத்துத்தான் நமக்கு இல்லாத பெருந்தொகுப்பைத் தொடங்க முடியும். இந்த வாரமே முதல் நோட்டை எடுங்கள்.